ஆமத்தூர் மதினியின் தூக்குவாளி

கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் முத்துச்செல்வி எந்தப் பாத்திரத்தையும் நிமிர்த்திப் பார்ப்பாள். விருதுநகர் பஜாரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது தனுஷ்கோடியின் பழைய பாத்திரக் கடை. வாசலில் கொட்டிக்கிடக்கும் பித்தளை, செம்புக் குவியலுக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்கமாட்டாள். குடத்தைக் கவிழ்த்து அடியைத் தடவுவாள். திருப்பிக் கழுத்தைத் தடவுவாள். கறுத்துப்போன இடமாக இருந்தால் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வெளியே வரும். அதற்குள் பிழிந்து முடித்த எலுமிச்சை மூடி நாலும் ஒரு பிடி உப்பும் இருக்கும். அழுத்தி நாலு தேய்ப்பு. புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்ததும் வகுப்பில் ஆஜர் எடுக்கிற வாத்தியார் மாதிரி உரக்க வாசிப்பாள்.

“ச. அருணாதேவி, வச்சக்காரப்பட்டி, எளுவத்தி ஏளு.”

“யாருக்கா அது?” என்று தனுஷ்கோடி கேட்பார். அவருக்குத் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கேட்காவிட்டால் அவள் முகம் வாடிவிடும்.

“பருத்தி யாவாரம் பாத்தாகளே, அந்த வீட்டு மூத்த மருமக. கொடம் இங்கன வந்து கெடக்குன்னா, பாகம் பிரிச்சிட்டாக போல.” இப்படி ஒரு குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு குடும்பத்தின் கதையை முழுதாகச் சொல்லிவிடுவாள். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி அவளுக்கும் கவலையில்லை, தனுஷ்கோடிக்கும் கவலையில்லை. அவர் அவளுக்கு வைத்திருக்கும் பேர் ‘வோட்டர் லிஸ்ட் அக்கா’.

வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம். இந்தப் பக்கம் பாத்திரத்தில் பேர் வெட்டாத வீடு கிடையாது. சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணின் பேர் இருக்கும். விசேஷ வீட்டுக்குச் செய்முறையாகக் கொடுக்கிற பாத்திரத்தில் கொடுத்தவர் பேர், ஊர், தேதி மூன்றும் இருக்கும். வாங்கிக்கொண்டவர் ஆயுசுக்கும் மறந்துவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். டவரா செட்டு கொடுத்தாலும் சரி, தவலைப்பானை கொடுத்தாலும் சரி, பேரில்லாமல் கொடுத்தால் அது கொடுத்த கணக்கில் சேராது.

முத்துச்செல்விக்கு ஐம்பத்து நாலு வயது. வீடு சூலக்கரையில். வேலை ஒரு பட்டாசுக் கம்பெனியில், கிப்ட் பாக்ஸ் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். முப்பத்தைந்து ஐட்டம் போடவேண்டிய பெட்டியைக் கையில் வாங்கியதும், “இதுல சங்குச் சக்கரம் ஒண்ணு கொறையுது, பிரி” என்பாள். பிரித்துப் பார்த்தால் குறையும். தராசுக்கு வேலை வைக்காத கை. தீபாவளி லோடு ஏறி முடிந்ததும் கம்பெனியை ஒரு மாதம் அடைத்துவிடுவார்கள். கூட வேலை பார்க்கும் பெண்கள் திருச்செந்தூர், குற்றாலம் என்று கிளம்புவார்கள். இவள் பழைய பாத்திரக் கடைகளுக்குக் கிளம்புவாள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என்று ஒரு கடை விடமாட்டாள். பதினாறு வருஷமாக இதுதான் அவளுக்கு லீவு, இதுதான் உல்லாசப் பயணம்.

இத்தனை கடை ஏறியும் அவள் தனக்கென்று ஒரு கரண்டி வாங்கியதில்லை. தெரிந்த வீட்டுப் பேர் ஏதாவது கண்ணில் பட்டால் ஆள்விட்டுச் சொல்லியனுப்புவாள். அப்படிப் பதினோரு பாத்திரங்கள் பழைய வீடுகளுக்கே திரும்பியிருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் மகிழ்ந்துபோய் அவளுக்குக் காபி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அந்தப் பாத்திரத்தை அவளுக்கு ஒருநாள் இரவல் கொடுக்கமாட்டார். அவளுக்கும் அது தெரியும்.

அந்த வலி எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2008இல் மகள் எழிலுக்குச் சடங்கு. பலகாரம் எடுத்துப் போக, கணவரின் அக்கா வீரலட்சுமியிடம் ஒரு பித்தளைத் தூக்குவாளி இரவல் வாங்கினாள். வீரலட்சுமி வாக்கப்பட்டிருப்பது ஆமத்தூரில், காடுகரை உள்ள வீடு. வாளி அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா சீராகக் கொடுத்தது. மூடிப் பிடியில் ஒரு மயில் உட்கார்ந்திருக்கும், கழுத்தில் ‘வீரலட்சுமி 1989’ என்று வெட்டியிருக்கும். சடங்கு முடிந்த நாலாம் நாள் முத்துச்செல்வி அதைக் கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் இரண்டு கிலோ சீனியைப் போட்டு, ஆமத்தூருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மதினி காட்டு வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலில் படுத்திருந்த மதினியின் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டியின் கையில்தான் கொடுத்தாள்.

நாலு மாதம் கழித்துக் குலசாமி கோயிலில், பொங்கல் வைக்க வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் வீரலட்சுமி கேட்டாள்: “எங்கம்மா குடுத்த வாளிய வாங்கிட்டுப் போயி அமுக்கிக்கிட்டியே, நல்லா இருக்கா ஒனக்கு?”

முத்துச்செல்வி திகைத்துப்போய் இசக்கிப்பாண்டியைப் பார்த்தாள். அவர் சுண்டலை மென்றுகொண்டே, “எங்கிட்ட யாரும் ஒண்ணும் தரலையேப்பா” என்றார். அத்தோடு முடிந்தது.

அன்றைக்குப் பிறகு அவளுக்கு யாரும் பாத்திரம் கொடுப்பதில்லை. முறுக்குப் பிழியும் உழக்கு கேட்டால், “இப்பத்தான் மேலத்தெருவுக்குப் போச்சு.” இட்லிக் கொப்பரை கேட்டால், “அதுல அடி ஓட்டை.” யாரும் முகத்துக்கு நேரே திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பாள். எழிலின் கல்யாணத்துக்குக் கரண்டிவரை வாடகைக்கு எடுத்தாள். சொந்தபந்தம் உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய அவமானம் என்பது, ஒரு விசேஷத்தை முன்னால் நின்று நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். அவள் கணவர் முத்துராமலிங்கம் நல்ல மனிதர். ஆனால் அக்காவையும் விடமுடியாது, பெண்டாட்டியையும் விடமுடியாது. “விடு செல்வி, ஒரு வாளிதான” என்று அவர் சொன்ன அன்று, மூன்று நாள் அவருக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

அழுது முடித்ததும் முத்துச்செல்வி யோசித்தாள். அவள் யோசனை எப்போதும் நேராகப் போகும். “நான் குடுத்தது நெசம். மதினி கையில இல்லங்கிறதும் நெசம். அப்பம் வாளி வேற எங்கனயோ இருக்கு. அதுக்கென்ன காலா மொளச்சிருச்சு? என்னைக்காவது ஒருநா ஒரு கடைக்கு வந்துதான ஆகணும்.” அந்த நாளைக்காகத்தான் பதினாறு வருஷமாகக் குவியல் குவியலாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவசரம் கூடிவிட்டது. தை மாதம் மகன் சூர்யபிரகாஷுக்குக் கல்யாணம். சிவகாசியிலிருந்து பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையை அத்தை வீரலட்சுமி வீட்டில்தான் வைக்க வேண்டும். அத்தை வராத கல்யாணத்தில் மணவறையில் விளக்குப் பிடிப்பதற்கு யாரைக் கூப்பிடுவது? முத்துராமலிங்கம் தயங்கித் தயங்கி, “நான் மட்டும் போயி வச்சிட்டு வந்திருதேன்” என்றார்.

“போனா ரெண்டு பேரும் போவோம். களவாணின்னு பேர் வாங்குன வாசல்ல தலயக் குனிஞ்சுக்கிட்டு நான் ஏறமாட்டேன்” என்றாள் முத்துச்செல்வி. பத்திரிகைக் கட்டு பிரிக்கப்படாமல் பீரோ மேல் கிடந்தது.

கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை. காலையில் தனுஷ்கோடி கடையில் ஆஜர் எடுத்து முடித்தாள். ஒன்றும் சிக்கவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டபோது தனுஷ்கோடி சொன்னார்: “அக்கா, நம்மகிட்ட வர்ற நல்ல சரக்கெல்லாம் இப்பம் சிவகாசி ரோட்டுக்குப் போயிருது. சபரிநாதன்னு ஒரு தம்பி. பளைய தீப்பெட்டி ஆபீஸ் ஷெட்டு ஒண்ண வாடகைக்குப் பிடிச்சிருக்காரு. நாம பளசுன்னு சொல்றத அவரு ஆன்ட்டிக்குங்காரு. பேரு மாறுனதும் வெல மூணு மடங்கு.”

பஸ் ஏறி அரைமணி நேரத்தில் போய் இறங்கினாள். வாசலில் ‘சபரி வின்டேஜ்’ என்று போர்டு. உள்ளே நுழைந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் யாரெல்லாம் எதையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டார்களோ அது அத்தனையும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. சுவர்க் கடிகாரம், ஊறுகாய்ச் சாடி, கறுப்புக் குமிழ் வைத்த மின்சார சுவிட்சு, எனாமல் தட்டு, கால் ஆடும் ஈஸிசேர். நடுவில் ஓர் ஆட்டுக்கல். அதன் குழியில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிட்டிருந்தார்கள்.

“இது என்ன வெல தம்பி?”

சபரிநாதன் விலையைச் சொன்னான். நல்ல பையன், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சொல்லும்போது குரலில் கூச்சமே இல்லை.

“ஏ ஆத்தாடி! இதுல எங்க வீட்டுல கோளிக்குத் தண்ணி வச்சிருக்கோம்.”

“அந்தக் கோழி கொடுத்து வச்சதுக்கா. சென்னையில ஒரு ஹோட்டல்ல இதே மாதிரி ஆறு ஆர்டர் இருக்கு” என்றான் அவன்.

அவள் சுற்றி வந்தாள். ஒரு குத்துவிளக்கைக் கவிழ்த்தாள். அடியில் ஒன்றுமில்லை. ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். மொழுமொழுவென்று இருந்தது. பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி, தாம்பாளம், எதிலும் ஒரு பேர் இல்லை, ஓர் எழுத்து இல்லை. பேரில்லாத பித்தளையை அவள் தன் ஆயுளில் இத்தனை பார்த்ததில்லை.

“தம்பி, இதுலயெல்லாம் பேரு எங்கய்யா?”

“பாலிஷ்ல எடுத்துருவோம்க்கா. பேர் இருந்தா கஸ்டமருக்குப் பிடிக்காது. அடுத்தவங்க பாத்திரம் மாதிரி இருக்குங்கிறாங்க.”

“அடுத்தவுக பாத்திரம்தானய்யா!”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தாள்.

அங்கே ஊர்க்காவலன் என்கிற பெரியவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பாலிஷ் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இடதுபக்கம் கறுப்பாக ஒரு குவியல், வலதுபக்கம் பளபளவென்று ஒரு குவியல். வலதுபக்கத்தில் மூடிகளைத் தனியாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்த மூடியின் பிடியில் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது.

முத்துச்செல்வி மயிலைப் பார்த்தாள். பிறகு ஊர்க்காவலனின் கையைப் பார்த்தாள். சுழன்றுகொண்டிருந்த சக்கரத்தில் ஒரு தூக்குவாளியின் கழுத்து உரசிக்கொண்டிருந்தது. “நிறுத்துங்க” என்று கத்தினாள். மிஷின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த கணம் அவள் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஊர்க்காவலன் துண்டை இறக்கி, “என்னம்மா, கரண்டு கிரண்டு அடிச்சுச்சா?” என்று பதறினார். அவள் வாளியை வாங்கினாள். கழுத்தைத் திருப்பினாள். வருஷத்தைச் சக்கரம் முழுதாகத் தின்றிருந்தது, பேரின் கடைசி எழுத்தையும் தின்றிருந்தது. ‘வீரலட்சு’ மட்டும் பாக்கி. இன்னும் அரை நிமிஷம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

பழக்கதோஷத்தில் கவிழ்த்தாள். அடி இன்னும் கறுப்பாகவே இருந்தது, மிஷின் அங்கே வரவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே எழுத்து தட்டுப்பட்டது. அவளுக்குத் தெரிந்து இந்த வாளியின் அடியில் எழுத்து கிடையாது. டப்பாவைத் திறந்து எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். வாசித்தாள். மறுபடியும் தேய்த்து மறுபடியும் வாசித்தாள்.

‘இ. இசக்கிப்பாண்டி, ஆமத்தூர். அன்பளிப்பு. 4.2.2010.’

முத்துச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். சபரிநாதன் ஓடிவந்து சோடா வேண்டுமா என்று கேட்டான்.

அவளுக்கு எல்லாம் கண்முன்னால் நடந்த மாதிரி தெரிந்துவிட்டது. இசக்கிப்பாண்டி அண்ணன் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் வாளியை வாங்கி எங்கேயோ வைத்துவிட்டு மறந்திருக்கிறார். கோயிலில் சொன்னது பொய்யில்லை, சுத்தமான மறதி. பிறகு ஒருநாள் வாளி கையில் அகப்பட்டிருக்கிறது. பெண்டாட்டியிடம் சொன்னால் வீட்டில் குடியிருக்க முடியாது. அடுத்து வந்த ஏதோ ஒரு கல்யாணத்துக்கு அதையே செய்முறையாகக் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று முடிவு கட்டியிருக்கிறார். அதுவரைக்கும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பேர் வெட்டாமல் செய்முறை செய்ய இந்த ஊர்க்காரருக்குக் கை வருமா? மதினி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அடியில் கொண்டுபோய் வெட்டியிருக்கிறார். ஊரும் போட்டிருக்கிறார், தேதியும் போட்டிருக்கிறார். கோயிலில் அவள் தலைகுனிந்து நின்ற நாளுக்கு ஒன்றரை வருஷம் பிந்தின தேதி.

சபரிநாதன் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். தக்காளிக்குக்கூட இரண்டு கடை ஏறி இறங்கும் மனுஷி. “பாதியில நிக்குது, முழுசாப் பாலிஷ் போட்டுத் தர்றேங்க்கா” என்று அவன் கையை நீட்டினான்.

“தொட்டுப் பாருங்க, கைய முறிச்சிருவேன்” என்றாள். போகிறபோக்கில் இடதுபக்கக் குவியலைக் காட்டி, “வெள்ளிக்கிளம வருவேன். நான் வாசிச்சு முடிக்கிறவரைக்கும் இதுல மிஷின் படப்பிடாது, சொல்லிட்டேன்” என்றாள். ஊர்க்காவலன் சரியென்று தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் கீழே போட்டிருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தாள்.

ரோட்டுக்கு வந்ததும் கணவருக்குப் போன் போட்டாள். “மொதப் பத்திரிகைய எடுத்துக்கிட்டு ஆமத்தூர் வந்து சேருங்க. ஆமா, அக்கா வீட்டுக்குத்தான். தாம்பாளத்தையும் எடுத்துக்கோங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீக, வாங்க.” ஆமத்தூருக்கு ரோடு பிரியும் விலக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பலசரக்குக் கடையில் இரண்டு கிலோ சீனி வாங்கி வாளிக்குள் கொட்டி மயில் மூடியைப் போட்டாள். வாளியைத் துணிப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஆமத்தூர் வீட்டு வாசலில் மக்காச்சோளம் காய்ந்தது. வேம்படியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இசக்கிப்பாண்டி உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தொட்ட வயது, கண்ணாடி மூக்கு நுனியில். முத்துச்செல்வி பையிலிருந்து வாளியை எடுத்துப் படியில் வைத்தாள். அவர் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் மயிலைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பர் மெதுவாக மடியில் இறங்கியது.

“வா… வாத்தா…” என்றார்.

சத்தம் கேட்டு வீரலட்சுமி வெளியே வந்தாள். இழவு வீடுகளில் தூரத்தில் பார்த்துக்கொண்டதைத் தவிர, இரண்டு பேரும் முகம் பார்த்துப் பதினாறு வருஷம். வீரலட்சுமியின் கண் படிக்குப் போனது. இடுப்பில் கை ஏறியது.

“பாத்தியா? இப்பமாச்சும் கொண்டாந்துட்டியே! இத அன்னைக்கே ஒத்துக்கிட்டிருந்தா இம்புட்டு வருசம் ஆகியிருக்குமா?”

அந்த ஒரு பேச்சுக்கே முந்தைய முத்துச்செல்வியாக இருந்தால் வெடித்திருப்பாள். இன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. தீபாவளிக்குக் கடைசி லோடு ஏறும்போது நிற்பாளே, அப்படி நிதானமாக நின்றாள்.

“மதினி, இது ரெண்டாந்தடவ. மொதத் தடவயும் சீனி போட்டுத்தான் குடுத்தேன், இப்பயும் சீனி போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன். சீனியக் கொட்டிட்டு வாளியக் கவுத்துப் பாருங்க.”

வீரலட்சுமி சுளகைக் கொண்டுவந்து சீனியைக் கொட்டினாள். வாளியைக் கவிழ்த்துக் கண்ணைச் சுருக்கினாள். ஏதோ எழுத்து என்று தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. வாளியைக் கணவரின் மடியில் பேப்பருக்கு மேலேயே வைத்தாள்.

“கண்ணாடி போட்டிருக்கீகள்ல, என்னன்னு வாசிங்க.”

இசக்கிப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

“வாசிங்கண்ணே” என்றாள் முத்துச்செல்வி.

“இ…” என்றார். தொண்டையைச் செருமினார். “இ. இசக்கிப்பாண்டி. ஆமத்தூரு.”

“அப்பொறம்?” என்றாள் வீரலட்சுமி.

“அன்பளிப்பு.”

“அப்பொறம்?”

“நாலு, ரெண்டு… ரெண்டாயிரத்திப் பத்து.”

வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டுப் பறந்தது. வீரலட்சுமி மனதுக்குள் வருஷத்தைக் கூட்டிக் கழிக்கிறாள் என்பது உதட்டு அசைவில் தெரிந்தது.

“மோட்டார் ரூம்புல, உர மூடைக்குப் பின்னால இருந்துச்சு,” என்றார் இசக்கிப்பாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு. “ஒரு வருசம் களிச்சுத்தான் பாத்தேன். ஒங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, சாத்தூர்ல நம்ம கமிஷன்கடக்காரரு மகன் கல்யாணம் வந்துச்சுல்ல, அதுக்குச் செஞ்சுட்டேன்.”

“களவாணித்தனம் பண்ணுன மனுசன், பேர வெட்டியா குடுப்பீக?”

அவர் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார். “பேரில்லாம எப்படிச் செய்மொற செய்ய? யாரு செஞ்சான்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை.

வீரலட்சுமி விறுவிறுவென்று உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அழுகிறாளா, எதையாவது தூக்கிக்கொண்டு வரப்போகிறாளா என்று இசக்கிப்பாண்டி நாற்காலியின் நுனிக்கு வந்தார். சரியாக அந்த நேரத்தில் முத்துராமலிங்கம் வண்டியில் வந்து இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் பத்திரிகை, முகத்தில் கலவரம். “என்ன ஆச்சு?” என்று பெண்டாட்டியைக் கேட்டார். “மாமாவக் கேளுங்க” என்றாள் அவள். மாமா வேப்பமரத்தைப் பார்த்தார்.

வீரலட்சுமி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் இன்னொரு சுளகு நிறையப் பாசிப்பயறு, இந்த வருஷத்து வெள்ளாமை. சுளகிலிருந்த சீனியை ஒரு சட்டியில் மாற்றினாள். வாளியைக் கணவரின் மடியிலிருந்து வெடுக்கென்று எடுத்து, முந்தானையால் துடைத்து, பயறைக் கொட்டி மூடினாள். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

“கோயில்ல வச்சுக் கேட்டேன்ல. அதே கோயில்ல வச்சு அத்தன பேருக்கும் முன்னால சொல்லுதேன், தப்பு எங்க வீட்டுதுன்னு. போதுமா?”

“போதும் மதினி” என்றாள் முத்துச்செல்வி. அவ்வளவுதான் வந்தது.

“கல்யாணத்துக்குப் பாத்திரம் எங்கன எடுக்க?”

“வாடகைக்குத்தான்…”

“வாடகைக்கா? ஏன், நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்? அண்டா ரெண்டு, கொப்பர ஒண்ணு, சருவச்சட்டி எல்லாம் மச்சுல கெடக்கு. டிராக்டர்ல ஏத்தி அனுப்புதேன். இத இப்பமே கொண்டுபோ” என்று வாளியைக் கையில் கொடுத்தாள். “கல்யாணம் முடிஞ்சு திருப்பிக் குடுக்கும்போது எங்கையில குடு. நான் இல்லன்னா பக்கத்து வீட்டுல குடு. இந்த மனுசன் கையில மட்டும் குடுத்திராத.”

முத்துராமலிங்கம் தாம்பாளத்தோடு பத்திரிகையை நீட்டினார். வீரலட்சுமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இசக்கிப்பாண்டி தன் பேர் அதில் சரியாகப் போட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். முத்துராமலிங்கம் வண்டியைக் கிளப்பி, “ஏறு, ஊருக்கு வெளிய மேக்குட்டுப் பாத வளியாப் போனா ரோட்டுக்குச் சீக்கிரம் போயிரலாம்” என்றார்.

“நீங்க போயி விலக்குல நில்லுங்க. நான் நடந்து வாரேன்.”

“எதுக்கு?”

அவள் துணிப்பையை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் திணித்தாள். பயறு நிறைந்த வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ‘வீரலட்சு’ இருக்கும் பக்கம் உள்ளே இருந்தது. நின்று, வெளியே பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் இறங்கினாள்.